டீசல் லொறியும் மின்சார லொறியும்: பேலியகொடையில் நின்று ஓர் ஒப்பீடு

2021 டிசம்பர் இறுதியில் லீற்றர் 121 ரூபாவுக்கு விற்ற ஒட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவைத் தொட்டது. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தும் டீசல் கிடைக்காமல் நாட்கணக்கில் வரிசையில் கிடந்ததைத்தான் கொழும்புக்குச் சரக்கு ஏற்றுவோர் இன்றும் சொல்கிறார்கள். ஆகவே புகை குறையுமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, எரிபொருள் கப்பல் வராத மாதத்திலும் மரக்கறி வந்து சேருமா என்பதை மட்டும் வைத்து இரண்டையும் நிறுத்துப் பார்க்கிறேன்.

டீசலைச் சேமித்து வைக்கலாம் என்பது அதன் பெரிய பலம். திருகோணமலையில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. ஆனால் தாங்கி இருப்பது வேறு, அதை நிரப்ப டொலர் இருப்பது வேறு. சப்புகஸ்கந்தவில் நாமே சுத்திகரித்தாலும் மசகு எண்ணெய் கப்பலில்தான் வந்தாக வேண்டும்.

மின்சார லொறியின் பற்றரியும் வெளிநாட்டிலிருந்துதானே வருகிறது என்பார்கள். உண்மைதான், ஆயினும் ஒருமுறை வந்த பற்றரி பல வருடங்கள் உழைக்கும். டீசலோ அடுத்த நடைக்கே மறுபடியும் வேண்டும்.

மின்சாரத்தின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலையம் இறக்குமதி நிலக்கரியில் ஓடுகிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில் லொறிகளைச் செருகினால், அந்த மின்சாரத்துக்காக எங்கோ எண்ணெய் எரிய நேரும். டீசல் லொறியைச் சுற்றுவழியில் ஓட்டியது போலத்தான். பகலில் நிலைமை தலைகீழ். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை விழுந்தபோது, கூரைகளிலுள்ள சூரிய மின் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு மின்சார சபையே கேட்டுக்கொண்டது. எனவே இந்த ஒப்பீட்டின் முடிவு, லொறியை எந்த மணிக்குச் செருகுகிறோம் என்பதில் தங்கியிருக்கிறது.

கொழும்புக்கு அருகே பேலியகொடையிலுள்ள மெனிங் மொத்த மரக்கறிச் சந்தைக்கு மலையகத்திலிருந்தும் தம்புள்ளையிலிருந்தும் வரும் லொறிகள் இரவில் ஓடி, விடியுமுன் கோவாவையும் லீக்ஸையும் இறக்கிவிடுகின்றன. ஒருநாள் பதினொரு மணி வெயிலில், லொறிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்திருந்த நுவரெலியாச் சாரதி ஒருவர், "பகலெல்லாம் வண்டி சும்மாதான் தம்பி நிக்குது" என்றார். அவர் அதை அலுப்போடு சொன்னார். எனக்கோ அது விடையாகப் பட்டது. சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில்தான் இந்த லொறிகளுக்கு ஓய்வு.

அவருடைய பாதையும் மின்சாரத்துக்குச் சாதகமானது. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலிருந்து பாரத்தோடு இறங்கி, திரும்பும்போது பெரும்பாலும் வெறுமையாக ஏறுகிறது. பத்துத் தொன் எடை அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது ஏறத்தாழ 50 அலகு (கிலோவாட் மணி) ஆற்றல் வெளிப்படும். டீசல் லொறி அதைப் பிரேக்கிலும் எஞ்சினிலும் சூடாக்கித் தொலைக்கிறது. மின்சார லொறி அதில் ஒரு பங்கைப் பற்றரிக்குத் திருப்பும்.

இனி மறுபக்கம். 200 அலகு கொள்ளும் பற்றரி ஒரு தொன்னுக்கு மேல் எடை இருக்கும். அந்தளவுக்கு ஏற்றும் மரக்கறி குறையலாம். ஒரு லொறிக்கு 150 அலகை ஐந்து மணி நேரத்தில் ஏற்ற 30 கிலோவாட் வேண்டும். இருபது லொறிகள் ஒன்றாக நின்றால் 600 கிலோவாட். அதற்குத் தனி மின்மாற்றியே தேவைப்படும். சந்தையில் வாகனம் நிறுத்தவே இடம் தேடும்போது அதை எங்கே வைப்பது என்பது சின்னக் கேள்வியல்ல.

எல்என்ஜி எனும் திரவ இயற்கை வாயுவில் ஓடும் லொறியை நான் கணக்கில் எடுக்கவில்லை. டீசலைப் போல அதுவும் கப்பலை நம்பிய எரிபொருள்தான். யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் ஓடும் லொறியை இப்போதைக்கு டீசலிலேயே விடுவேன். மலைநாட்டு, தம்புள்ளை லொறிகள் மின்சாரத்துக்கு மாறினால் மிச்சமாகும் டீசல், தட்டுப்பாடு வரும் மாதத்தில் அந்த வடக்கு நடைக்கு உதவும்.