வறண்ட மலைக்குத் தண்ணீர்: குழாய்ப் பையா, பாட்டிலா?

நாங்குநேரி, இராதாபுரம் பக்கத்து ஆட்களுக்கு வறட்சி புதிதல்ல. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றில் ஈரத்துணி எவ்வளவு சீக்கிரம் காயும் என்று தெரியும். லடாக் மலைகளில் வேர்வையும் அப்படித்தான் காய்ந்துவிடும். உடம்பு தண்ணீர் இழப்பது கண்ணுக்கே தெரியாது. நாலைந்து நாள் மூட்டையோடு நடக்கிறவர் நாளுக்குக் குடிக்க 4 லிட்டர், சமையலுக்கு 1 லிட்டர் என்று கணக்குப் போட வேண்டும். அதாவது முதுகில் 5 கிலோ. அதை எதில் சுமப்பது?

குழாய்ப் பை என்பது மூட்டைக்குள் வைத்து, நீளக் குழாய் வழியே உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை. இதன் பெரிய லாபம், நிற்காமல் வாய் வாயாகக் குடிக்கலாம் என்பது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது இது உண்மையிலேயே உதவும். ஆனால் மூட்டைக்குள் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. குழாய் திடீரென்று காற்றை இழுக்கும்போதுதான் பை காலியானது புரியும். ஒரு முள் குத்தினால் மொத்தமும் போய், மாற்றுத்துணியும் நனையும். லடாக்கில் விடிகாலைக் குளிரில் முதலில் உறைவது குழாய்தான்; ஒவ்வொரு முறை குடித்ததும் குழாயில் இருக்கும் தண்ணீரைப் பைக்குள் ஊதித் தள்ளிவிட வேண்டும். சீனி கலந்த தண்ணீரை ஊற்றினால் குழாய்க்குள் பூஞ்சை பிடிக்கும், கழுவுவது பெரும்பாடு.

சாதாரண 1 லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடையே இல்லை. ஒன்று ஓட்டையானால் ஒரு லிட்டரோடு நஷ்டம் முடிந்தது. ஒன்றில் மட்டும் உப்பு, சீனி கலக்கலாம்: லிட்டருக்குத் தலைதட்டி 6 டீஸ்பூன் சீனி, அரை டீஸ்பூன் உப்பு. தண்ணீர் மேலிருந்துதான் உறையும். அதனால் இரவில் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் காலையில் மூடி திறக்கும். குறை ஒன்றுதான், கொதிநீர் பட்டால் நெளிந்துவிடும். அதற்காக அகன்ற வாயுள்ள கெட்டிப் பாட்டில் ஒன்று கூட வேண்டும்.

நாங்கள் பாட்டில் பக்கமே. நாலு சாதாரண பாட்டில், ஒரு கெட்டிப் பாட்டில். பை வேண்டும் என்பவர்கள் அதை 2 லிட்டரோடு நிறுத்திக்கொண்டு, மீதியைப் பாட்டிலில் வையுங்கள்.

குடிக்கும் தண்ணீரைச் சுத்தம் செய்வதிலும் இதே யோசனைதான். நுண்குழல் வடிகட்டி (மெல்லிய குழல்கள் வழியே தண்ணீரை வடிப்பது) ஒருமுறை உறைந்தால் உள்ளே குழல்கள் விரிசல் விட்டுவிடும், வெளியே அடையாளம் இருக்காது. இரவில் படுக்கைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளோரின் மாத்திரைக்குக் குறைந்தது அரை மணி நேரம், குளிர்ந்த நீரில் இன்னும் கூடுதல். கொதிக்கவைப்பதே உறுதி, 2,000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும். பனி உருகி வரும் ஓடை மதியத்தில் கலங்கும், காலையிலேயே பிடித்துவிடுங்கள். நம்மூர்த் தேத்தாங்கொட்டை கலங்கலைத் தெளியவைக்கும். ஆனால் தெளிந்த நீரையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

புறப்படும் முன் 5 லிட்டரைச் சுமந்து தேரி எனும் செம்மணல் மேட்டில் இரண்டு மணி நேரம் நடந்து பாருங்கள். தோள்பட்டை எங்கே அறுக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.