சவூதியா, யூகேவா, ஜெர்மனியா: நர்ஸ் பிள்ளைங்க சம்பளத்துக்கு முன்னாடி பாக்க வேண்டியது

கன்னியாகுமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம் எங்க ஊர்ல நர்சிங் முடிச்ச பிள்ளை ஒண்ணு வீட்டுல சும்மா இருந்தா போதும், எந்த நாடு கொள்ளாம்னு ஒரே விசாரணைதான். இந்த தடவை என்கிட்ட கேட்டது என் சித்தி மவ. அவளுக்கு வாட்சப்புல வாய்ஸ் மெசேஜா அனுப்பி அனுப்பி எனக்குத் தொண்டை போயிட்டு, அதான் எழுதியே போட்டுருவோம்னு உக்காந்தேன். நான் சவூதில அஞ்சு வருஷம் இருந்தவ, இப்போ ஜெர்மனில ரெண்டு வருஷம் தாண்டியாச்சு. யூகேல நான் ஒரு நாளும் வேலை பாத்ததில்ல, எங்க அண்ணனும் மைனியும் அங்க இருக்காவ, அவிய பட்டதுதான் எனக்குத் தெரியும், அதனால யூகே பத்தி நான் சொல்லுததை அந்த அளவுக்கு எடுத்துக்கிட்டா போதும்.

சம்பளக் கணக்கு எல்லாரும் பேசுதது. சவூதில டாக்ஸ் கிடையாது, ஹாஸ்டலும் ஆஸ்பத்திரியே குடுக்கும், கையில நிக்கும். ஜெர்மனில பிடித்தம் போவ ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்குதான் கைக்கு வரும், அதுலயும் வாடகை. மூணு வருஷத்துல வீடு கட்டணும், கடன் அடைக்கணும்னா சவூதிதான், இதுல பேச ஒண்ணுமில்ல. பரீட்சையும் அப்படித்தான், சவூதிக்கு ப்ரோமெட்ரிக்ங்க கம்ப்யூட்டர் பரீட்சையும் டேட்டாஃப்ளோங்க சர்டிபிகேட் சோதனையும், யூகேக்கு இங்கிலீஷ் பரீட்சை ஓஇடி இல்லன்னா ஐஇஎல்டிஎஸ், பொறவு கம்ப்யூட்டர்ல எழுதுத சிபிடி, அங்க போய் செஞ்சு காட்டுத ஆஸ்கி, ஜெர்மனிக்கு ஜெர்மன் பாஷைல பி1, பி2ன்னு படிப்படியா. கஷ்டத்துல ஜெர்மன்தான் பெருசு. எனக்கு பி2 முடிக்க பதினாலு மாசம் ஆச்சு, பேசுத பார்ட்ல ஒரு தடவை ஃபெயிலும் ஆனேன்.

இதெல்லாம் விடுங்க. நான் முடிவு எடுத்தது ஒரே ஒரு விஷயத்த வச்சு. என் குடும்பம் என் கூட வர சட்டம் விடுமா, விட்டாலும் அந்தப் பேப்பர் யாரு கையில இருக்கும், எத்தனை நாளைக்கு இருக்கும்.

சவூதில எனக்குக் கிடைச்சது சிங்கிள் ஸ்டேட்டஸ் கான்ட்ராக்ட், அதாவது குடும்பம் இல்லாம தனியா போவணும். மவளுக்கு ஒரு வயசு, அம்மைகிட்ட விட்டுட்டு 2018-ல போனேன். வருஷத்துக்கு 30 நாள் லீவு. நாலாவது வருஷம் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு அவளையும் கூட்டிட்டு வந்திருந்தாவ, கார்ல ஏறி களியக்காவிளை தாண்டல, அம்மா எப்போ திரும்பிப் போவீங்கன்னு கேட்டா. அழுதுட்டு கேக்கல, டியூஷன் எத்தனை மணிக்குன்னு கேக்குத மாதிரி சாதாரணமா கேட்டா. அதுதான் எனக்குத் தாங்கல.

சரி குடும்பத்தையே அங்க கூப்பிட்டா என்னன்னு கேப்பீங்க. 2017 ஜூலைல சவூதி லெவின்னு ஒரு கட்டணம் கொண்டு வந்தாங்க, கூட இருக்க ஒவ்வொரு ஆளுக்கும் மாசம் 100 ரியால், வருஷத்துக்கு 100 கூட்டி 2020-ல 400 ஆக்கியாச்சு. புருஷனும் பிள்ளையும்னா மாசம் 800, வருஷம் 9,600, அதையும் இக்காமா (அங்க தங்குத பெர்மிட்) புதுக்கும்போது முன்கூட்டியே கட்டணும். என் சம்பளம் 4,200 ரியால். ஹாஸ்டல்ல என் ரூம்ல இருந்த சீனியர் அக்கா தக்கலைக்காரி, அவ முதல்ல ஃபேமிலியோட ஃபிளாட்ல இருந்தவ, லெவி ஏற ஏற புருஷனையும் ரெண்டு பிள்ளையையும் ஊருக்கு அனுப்பிட்டு பெட்டியத் தூக்கிட்டு ஹாஸ்டலுக்கு வந்தவ. ஏழாம் கிளாஸ் வரை அங்க படிச்ச பையன் ஊர்ல வந்து தமிழ் எழுதத் தெரியாம முழிச்சான்னு சொல்லுவா. சட்டத்துல ஒரு ஃபீஸ்தான், ஆனா அது ஒரு குடும்பத்தை ரெண்டா வெட்டிட்டு.

நல்லதையும் சொல்லணும்லா. 2021 மார்ச் 14-லருந்து தனியார் கம்பெனில உள்ளவங்க ஓனர் கையெழுத்து இல்லாமலே எக்ஸிட் ரீ-என்ட்ரி (ஊருக்குப் போய்ட்டுத் திரும்பி வாரதுக்கான விசா) எடுக்கலாம், ஒரு வருஷம் ஆனா வேலையும் மாறலாம்னு ஆக்கினாங்க. கடைசி லீவுக்கு நானே போன்லதான் எடுத்தேன், முன்னாடி அதுக்கு ஆபீஸ் வாசல்ல தவம் கிடக்கணும். ஆனா வீட்டு வேலைக்காரங்க, டிரைவர், தோட்டக்காரங்க, ஆடு மேய்க்கவங்க இதுல வரமாட்டாங்க, அதாவது யாருக்கு ரொம்பத் தேவையோ அவங்களுக்குக் கிடையாது. அப்புறம் எத்தனை வருஷம் இருந்தாலும் கடைசில ஃபைனல் எக்ஸிட் அடிச்சு ஒரேயடியா ஊருக்குத் திரும்புததுதான், நம்மள மாதிரி நர்ஸுக்கு அங்க வேர் கிடையாது.

யூகே. இங்க ஒரு விஷயத்துல ஜெர்மனிய விட யூகேதான் மேல, அத மறைக்கப்படாது. நர்ஸ் ஹெல்த் அண்ட் கேர் விசால போனா புருஷன் பிள்ளைங்கள ஆரம்பத்துலயே கூட்டிட்டுப் போலாம், புருஷனும் முழு நேரம் வேலை பாக்கலாம், இந்த விசாக்காரங்களுக்கு ஹெல்த் சர்சார்ஜும் (வைத்திய வசதிக்காக விசாவோட கட்டுத காசு) கிடையாது. சும்மா பேச்சுக்கு சொல்லல, எனக்கு ஓஇடி ஸ்கோரும் இருந்தது, மார்த்தாண்டத்துல ஒரு ஏஜென்ட் ஆறு லட்சம் கேட்டான் (ரெக்ரூட்டிங் ஏஜென்ட் வாங்கலாம்னு நம்ம இந்திய ரூல்ல உள்ளது 30,000மும் ஜிஎஸ்டியும்தான், இத யாருகிட்டயாவது சொன்னா சிரிக்காவ). ஆறு லட்சம் கூட பரவால்லன்னு நெனச்சேன். ஆனாலும் ஜெர்மனிக்கு வந்துட்டேன், வந்த பொறவுதான் மைனி கதைய கிட்ட இருந்து பாத்தேன்.

மைனி நர்ஸ் இல்ல, கேர் வொர்க்கரா (வயசானவங்கள, முடியாதவங்கள பாத்துக்குத வேலை) 2023 நவம்பர்ல போனா, அண்ணனும் பையனும் கூடவே. 2024 மார்ச் 11-லருந்து கேர் வொர்க்கர் விசால புதுசா வாரவங்க குடும்பத்தக் கூட்டிட்டு வரப்படாதுன்னு சட்டம் மாத்தியாச்சு. மைனி கூட ஒரே கோச்சிங் கிளாஸ்ல படிச்ச பிள்ளை ஒருத்தி, பேப்பர் லேட்டாயி 2024 மே மாசம் போய்ச் சேந்தா. ஒரே வேலை, ஒரே சம்பளம், ஒரே ஊரு. ஒருத்தி பையன் அங்க ஸ்கூலுக்குப் போறான், இன்னொருத்தி பிள்ளைங்க ரெண்டும் திங்கள்சந்தைல பாட்டி வீட்டுல. 2025 ஜூலை 22-லருந்து வெளிநாட்டுலருந்து புதுசா கேர் வொர்க்கர் எடுக்கததையே நிறுத்திட்டாங்க.

மைனிக்கும் நிம்மதி இல்ல. போன வருஷம் அவ வேலை பாத்த கம்பெனிக்கு ஸ்பான்சர் லைசென்ஸ், அதான் வெளிநாட்டு ஆளுகள விசாவோட எடுக்க உள்ள அனுமதி, போச்சு. தப்பு பண்ணினது கம்பெனி, லெட்டர் வந்தது மைனிக்கு, 60 நாளுக்குள்ள வேற ஸ்பான்சர் பிடி, இல்லன்னா கிளம்பு. அண்ணன் விசாவும் பையன் விசாவும் அவ விசாலதான் தொங்குது. அந்த ரெண்டு மாசம் அண்ணன் ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு போன் பண்ணி ஒண்ணும் பேசாம இருப்பான். 51-ஆவது நாள் வேற இடம் கிடைச்சுது, கிடைக்காம போனவங்களும் இருக்காவ.

நர்ஸுக்கு இதெல்லாம் வராதுன்னு சொல்லுவீங்க, சரிதான், நர்ஸ் இன்னும் குடும்பத்தக் கொண்டு போலாம். ஆனா நிரந்தரமா இருக்க ஐஎல்ஆர் அஞ்சு வருஷத்துல கிடைச்சிட்டு இருந்தது, அத பத்து வருஷம் ஆக்கணும்னு 2025 மே மாசம் அரசாங்கமே வெள்ளை அறிக்கை போட்டாச்சு. பத்து வருஷம் ஒரு ஸ்பான்சர் கைய பாத்துட்டு இருக்கதுன்னா மவ பத்தாங்கிளாஸ் முடிச்சிருவா. எனக்கு அது முடியாதுன்னு பட்டுது, உங்களுக்கு அப்படித் தோணணும்னு இல்ல.

இனி ஜெர்மனி. முதல்லயே சொல்லிருதேன், வந்த அன்னைக்கே குடும்பம்ங்கது இங்க பெரும்பாலும் நடக்காது. நான் 2024 ஜனவரில வந்தது அனெர்கென்னுங் விசால, அதாவது நம்ம நர்சிங் படிப்ப அவங்க அங்கீகாரம் பண்ணுத வரைக்கும் ஹெல்ப்பர் மாதிரி வேலை. பேஷன்ட்டுக்கு ஊசி போட்டுட்டு இருந்தவ பெட் துடைச்சிட்டு நின்னேன், வெக்கமா இருந்தது, சொல்லதுக்கு என்ன. உர்குண்டே, அதான் லைசென்ஸ் கையில வந்தது 2025 பிப்ரவரில. அதுக்குப் பொறவுதான் ஃபேமிலி விசாவுக்குப் போட்டோம், இவரும் மவளும் வந்தது செப்டம்பர். ஆக இருபது மாசம் தனியா. சவூதில அஞ்சு வருஷம் இருந்தவளுக்கு இருபது மாசம் பெருசில்லன்னு நெனச்சேன், ஆனா பெருசுதான்.

அப்போ எதுக்கு ஜெர்மனின்னா, விசாவ வேலையோட கட்டிப்போடுத அந்தக் கயிறு இங்க சீக்கிரம் அவுந்திரும். 2023-ல சட்டம் மாத்தினதுல ஸ்கில்டு வொர்க்கருக்கு மூணு வருஷத்துல நிரந்தர அனுமதி, முன்னாடி நாலு. பி1 ஜெர்மன், 36 மாசம் பென்ஷன் கட்டினது, இருக்க ஒரு வீடு இதெல்லாம் வேணும். அந்த மூணு வருஷம் உர்குண்டே வந்து புது பெர்மிட் வாங்கினதுலருந்துதான் ஓடும், ஹெல்ப்பரா இருந்த காலம் சேராது, இத ஏஜென்சி எதுவும் சொல்லாது. அது கிடைச்சாச்சுன்னா எந்த ஆஸ்பத்திரி மூடினாலும் என் மவ ஸ்கூல் மாற வேண்டாம். அதுவரைக்கும் என் பெர்மிட்டும் வேலையோடதான் கட்டிக்கிடக்கு, எனக்கு இன்னும் அந்த நாள் வரல, 2028 ஆவணும். இடையில சட்டம் மாறாதான்னு கேட்டா, இவங்களும் மாத்துதவங்கதான். 2024 ஜூன் 27-ல குடியுரிமைய எட்டு வருஷத்துலருந்து அஞ்சாக்கி, ரொம்ப நல்லா ஒத்துப்போனவங்களுக்கு மூணுன்னும் சொன்னாங்க, அந்த மூணு 2025 அக்டோபர்ல போயாச்சு. அஞ்சு நிக்குது.

குடியுரிமை எங்களுக்கு இப்போ வேண்டாம். ஜெர்மனி ரெண்டு பாஸ்போர்ட் வச்சுக்கோன்னு சொல்லும், இந்தியா விடாது. நம்ம ஊர் ஆளுங்களுக்கு உடனே வார சந்தேகம் ரப்பர் விளை, அதான் தோட்டம். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து ஓசிஐ கார்டுக்காரங்க ஆனா விளை வாங்க முடியாதேன்னு பயப்படுதாவ, ஆனா இந்திய பாஸ்போர்ட்டோட வெளிநாட்டுல இருக்க என்ஆர்ஐயும் விவசாய நிலம், தோட்டம் புதுசா வாங்க முடியாது மக்கா, வாரிசா வாரது மட்டும் ரெண்டு பேருக்கும் வரும்.

பிள்ளைக்கு கிண்டர்கெல்டுன்னு அரசாங்கம் மாசாமாசம் குடுக்கும், 2025-ல 255 யூரோ. மைனி விசால பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாதுன்னே எழுதிருக்கு, அவளுக்கு அந்த மாதிரி ஒண்ணும் கிடைக்கல. 2024 மார்ச் 1-க்குப் பொறவு முதல்தடவையா ஸ்கில்டு வொர்க்கர் பெர்மிட் வாங்கினவங்க அப்பா அம்மாவையும் கூப்பிடலாம்னு ஒரு வழி இருக்கு, செலவுக்கு வருமானமும் அவங்களுக்கு ஹெல்த் இன்சூரன்சும் காட்டணும். நாங்க முயற்சி பண்ணல. இன்சூரன்ஸ் ஒரு பக்கம், அதவிட எங்க அம்மை வரமாட்டா, இங்க வந்து என்னத்துக்கு, மரச்சீனி கிடைக்குமா வெயில் அடிக்குமான்னு கேக்கா. நான் வீட்ட விட்டு வந்ததுக்கு இப்போ வயசான ரெண்டு பேரு கேமரா மாட்டின வீட்டுல தனியா இருக்காவ. பிள்ளைய கூட்டிட்டு வந்தாச்சு, அம்மைய விட்டாச்சு, எந்த நாட்டு சட்டமும் இத சரி பண்ணல.

சித்தி மவ கேட்டா, அப்போ நான் என்ன செய்யணும்னு. கல்யாணம் ஆவாதவ நீ, கடன் இருந்தா சவூதி போ, மூணு வருஷம்னு எழுதி வச்சிட்டுப் போ. கல்யாணம் ஆனவங்க, சின்னப் பிள்ளை உள்ளவங்க ஜெர்மன் கிளாஸுக்குப் போங்க. ஏஜென்சி பேப்பர்ல இடையில விட்டா இவ்வளவு பணம் திருப்பிக் கட்டணும்னு ஒரு வரி இருக்கும், அத படிக்காம கையெழுத்து போடாதீங்க.

இன்னொண்ணு, சர்ச்சுல கல்யாணம் முடிச்சு சர்ச் சர்டிபிகேட்ட மட்டும் பீரோல வச்சிருக்கவங்க சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிஞ்சிருங்க. தமிழ்நாட்டுல 2009 சட்டப்படி எல்லா கல்யாணமும் பதியணும், 90 நாள் கணக்கு. நாங்க பதியாம விட்டு, ஃபேமிலி விசா நேரத்துல அதுக்கே மூணு மாசம் ஓடிட்டு. புருஷனும் ஏ1, அதான் ஜெர்மன்ல முதல் படி, படிச்சாரு. நாப்பது வயசுல ஒரு ஆளு திண்ணைல உக்காந்து ஜெர்மன்ல சொல்லுக்கு முன்னாடி போடுத டெர், டீ, டாஸ்னு படிக்கதப் பாத்து எங்க மாமியாருக்கு ஒரே சிரிப்பு, கடைசில அவிய பத்து வரை ஜெர்மன்ல எண்ணப் படிச்சிட்டாவ.