லிம்ஃபிர்: டிப்தீரியா நஞ்சிலிருந்து வந்த புற்றுநோய் மருந்து

2024 ஆகஸ்ட் மாதம் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த லிம்ஃபிர், பெயரளவில்தான் புதியது. டெனிலூகின் டிஃப்டிடாக்ஸ் என்னும் இதே மருந்து 1999இல் ஆன்டாக் என்ற பெயரில் அங்கு அறிமுகமாகி, தயாரிப்புச் சிக்கல்களால் 2014இல் சந்தையிலிருந்து மறைந்தது. அமினோ அமில வரிசையை மாற்றாமல், சுத்திகரிப்பு முறையைத் திருத்தி இப்போது மீண்டும் கொண்டுவந்திருக்கிறார்கள். தோலில் தோன்றும் டி-செல் லிம்ஃபோமா (டி-செல் என்னும் வெள்ளணுக்களில் உண்டாகும் புற்றுநோய்) வேறு மருந்துகளுக்கு அடங்காமலோ, அடங்கிய பின் திரும்பவோ செய்த பெரியவர்களுக்கு மட்டுமே இது உரியது.

இதன் வடிவமைப்பைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. டிப்தீரியா நஞ்சின் மரபணுவில், மனித செல்லைப் பற்றிக்கொள்ளும் பகுதியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இன்டர்லூக்கின்-2 என்னும், நோயெதிர்ப்புச் செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதத்தின் மரபணுவை ஒட்டி, இ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்தினால், அது இரண்டும் சேர்ந்த ஒரே புரதத்தைத் தயாரித்துத் தருகிறது. அந்த இன்டர்லூக்கினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியை மேற்பரப்பில் தாங்கிய புற்றுநோய்ச் செல், தனக்கு வேண்டிய பொருள்தான் என்று அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன நஞ்சு, புரத உற்பத்திக்கு இன்றியமையாத ஈஎஃப்-2 என்னும் காரணியை முடக்குவதால் செல் மடிகிறது. டிப்தீரியா நஞ்சின் ஒரே ஒரு மூலக்கூறு செல்லுக்குள் சென்றாலே அதைக் கொல்லப் போதுமானது என்று பழைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பலன் எப்படி? 69 பேர் பங்கேற்ற முக்கிய ஆய்வில் 36 சதவீதத்தினருக்கு நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. முற்றிலும் மறைந்தவர்கள் 9 சதவீதத்திற்கும் குறைவு. இவ்வளவு கூர்மையான ஆயுதத்திற்கு இது சுமாரான மதிப்பெண்தான், ஆனாலும் ஏற்கெனவே பல மருந்துகளைப் பார்த்துவிட்ட நோயாளிகளிடம் கிடைத்த பலன் என்பதால் அதை அற்பமாக ஒதுக்கவும் முடியாது.

விலை கொடுக்க வேண்டிய இடம் ரத்த நாளங்கள். நுண்குழாய்களிலிருந்து திரவம் கசிந்து, ரத்த அழுத்தமும் அல்புமின் என்னும் ரத்தப் புரதமும் சரிந்து, கைகால் வீங்கும் கசிவு நோய், ஆய்வுகளில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோரிடம் காணப்பட்டது. உயிரிழப்பும் நேர்ந்திருப்பதால் மருந்தின் குறிப்பேட்டில் கட்டமிட்ட எச்சரிக்கை இருக்கிறது. இது பெரும்பாலும் முதல் இரண்டு சுற்றுகளுக்குள்ளேயே தலைகாட்டுகிறது. எனவே, 21 நாள் சுற்றில் முதல் ஐந்து நாட்கள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றப்படும் இந்த மருந்தை, எடை, வீக்கம், ரத்த அழுத்தம், அல்புமின் ஆகியவற்றை விடாமல் கவனிக்கும் மருத்துவமனையில் மட்டுமே ஏற்றிக்கொள்ள வேண்டும். பார்வைக் குறைபாடும் ஏற்படக்கூடும் என்பதால் தொடங்குவதற்கு முன் கண் பரிசோதனை அவசியம்.

என் பார்வையில் இதன் தீராத குறை நஞ்சிலேயே இருக்கிறது. சிறு வயதில் டிப்தீரியா தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களின் உடல் இந்தப் புரதத்தை ஏற்கெனவே எதிரியாக அறிந்திருக்கிறது; மருந்து ஏற ஏற எதிர்ப்பொருள்களும் பெருகுகின்றன. சுத்திகரிப்பை எவ்வளவு திருத்தினாலும் இந்தச் சிக்கல் தீராது. அதற்கு நஞ்சின் அமைப்பையே மாற்றியாக வேண்டும்.