லைப்போவா, லித்தியம் அயானா? ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு எது?

மின்சார ஆர்சி (ரிமோட்டில் ஓட்டும்) விமானம் செய்கிறவர்கள் தெர்மோகோலில் இறக்கை வெட்டி, மோட்டாரும் மாட்டிவிட்டு, பேட்டரியில் வந்து, லைப்போ எனும் லித்தியம் பாலிமரா, லித்தியம் அயானா என்று தயங்கி நிற்கிறார்கள்.

மின் இழுவை: 3எஸ் (தொடராக மூன்று செல்), 2200 எம்ஏஎச் (2.2 ஆம்பியர்-மணி கொள்ளளவு), 25சி (கொள்ளளவைப்போல் 25 மடங்கு மின்னோட்டம்) லைப்போ, கணக்குப்படி 55 ஆம்பியர் தரும்.
லித்தியம் அயான் 18650 (உருளை வடிவ) செல்லில், பெரும்பாலான ரகங்கள் தொடர்ந்து 20 ஆம்பியர் தந்தால் பெரிது. அதற்கு மேல் இழுத்தால் வோல்டேஜ் சரியும், செல் கொதிக்கும்.

எடை: 18650 செல் ஒன்று ஐம்பது கிராமுக்குள்தான். அதே எடைக்கு லைப்போவைவிட அதிக நேரம் பறக்கலாம்.

பராமரிப்பு: லைப்போ ரொம்ப நுணுக்கம். பறக்காத நாளில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள். முழு சார்ஜில் வாரக்கணக்கில் விட்ட என்னுடைய பேக் ஒன்று உப்பிப்போனது, அப்புறம் அதைத் தொடவே இல்லை. அயான் அவ்வளவு படுத்தாது, ஆனால் செல்லில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள், நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்து வாங்குங்கள்.

ஆனி, ஆடியில் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அந்த ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்துத் திரும்பி வர வேண்டுமென்றால் லைப்போதான், வேறு யோசனையே வேண்டாம். காற்று அடங்கிய காலையில் கிளைடரை நிதானமாக மிதக்கவிட அயான் போதும்.