1502 புயலா, 1635 புயலா: எதை முதலில் படிப்பது?

அட்லாண்டிக் கரைகளில் ஐரோப்பியர் குடியேறத் தொடங்கிய காலத்துப் புயல்களைப் படிக்க முற்படுவோர், பெரும்பாலும் கரீபியத்தில் வீசிய 1502 புயல், வட அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் வீசிய 1635 புயல் ஆகிய இவ்விரண்டில் எதிலிருந்து தொடங்குவது என்றே தயங்குகின்றனர்.

உயிரிழப்பு: 1502இல் புயல் வருமென்ற கொலம்பஸின் எச்சரிக்கையை ஹிஸ்பானியோலா தீவின் ஸ்பானிய ஆளுநர் ஒவாண்டோ பொருட்படுத்தாததால், அத்தீவின் சாந்தோ தொமிங்கோவிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட சுமார் 30 கப்பல்களில் பெரும்பாலானவை மூழ்கின, முன்னாள் ஆளுநர் பொபதில்லாவும், கைதியாகக் கொண்டுசெல்லப்பட்ட தைனோ பழங்குடித் தலைவர் குவாரியோனெக்ஸும் உட்பட ஏறத்தாழ 500 பேர் மாண்டனர். 1635இல் நியூ இங்கிலாந்தில் இழப்பு மிகக் குறைவே. ஆயினும் மாசசூசெட்ஸின் கேப் ஆன் முனை அருகே உடைந்த சிறு கப்பலில் ஆங்கிலக் குடியேறி அந்தோனி தாச்சரும் அவர் மனைவியும் மட்டுமே பிழைத்தனர், பிள்ளைகள் நால்வரையும் கடல் கொண்டது.

சான்று: இங்கு 1635 மேலானது. அக்காலக் குடியேற்றத் தலைவர்களான பிராட்ஃபோர்டும் வின்த்ரப்பும் கடல்நீர் ஏறிய உயரத்தையும், உயிர் தப்ப மரமேறிய பழங்குடியினரையும் எழுதிவைத்துள்ளனர்.

ஆட்சியாளரின் முடிவு உயிர்களைப் பலிகொண்ட விதத்தை அறிய விரும்புவோர்க்கு 1502 ஏற்றது. புயலின் வலிமையைக் கணிக்க விழைவோர்க்கு 1635.