பல்பு நனையலாம், அடாப்டர் நனையக் கூடாது

விடுமுறைக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே, "எங்க மொட்டைமாடியிலேயே சாப்பிடலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டு பேர். மாடியில் இருந்ததோ படிக்கட்டு வாசலில் ஒரே ஒரு குழல்விளக்கு. அதன் கீழே உட்கார்ந்தால் எல்லோரும் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள். அதற்காக வாங்கியதுதான் இந்தச் சரவிளக்கு. 15 மீட்டர் ஒயர், 15 எல்இடி பல்பு, ஒன்று 1 வாட்.

வெளிச்சத்தில் குறையே இல்லை. பெட்டியில் 2700 கெல்வின் என்று இருந்ததைப் பார்த்துத்தான் எடுத்தேன். அது பழைய இழை பல்பின் மஞ்சள். 6500 என்றிருந்தால் மறுபடியும் அதே குழல்விளக்கு வெள்ளைதான். நீலம் கலந்த வெள்ளைக்கு வருகிற அளவு பூச்சி இந்த மஞ்சளுக்கு வராது. வரவே வராது என்று சொல்ல மாட்டேன்; ஒன்று சூப்பில் விழுந்தது, பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோதே கிண்ணத்தை மாற்றிவிட்டேன்.

கட்டும்போதுதான் பாடு. முந்தின நாள் கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர்த் தொட்டிக் குழாய்வரை ஒயரையே இழுத்துக் கட்டினேன். மாடிக் காற்றில் அது ஊஞ்சலாடியது, எடை முழுவதும் பல்பு மாட்டும் இணைப்புகளில் விழுந்தது. முதலில் மெல்லிய ஸ்டீல் கம்பிக் கயிறு ஒன்றை விறைப்பாகக் கட்டி, அதில்தான் விளக்கைத் தொங்கவிட வேண்டும். தொங்கவிடுவதற்கு ஓட்டை கொடுத்திருக்கிறார்கள். கயிறு தரவில்லை, வேண்டும் என்று எழுதவும் இல்லை. ஆனால் பல்பு பிளாஸ்டிக். ஒன்று கைதவறி விழுந்து, துள்ளி ஓடி, திரும்ப மாட்டியதும் எரிந்தது.

என் கோபமெல்லாம் அடாப்டர் மேல்தான். பெட்டி முகப்பில் பெரிதாக ஐபி65. 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும். பல்புச் சரத்துக்கு அது சரி. ஒயரின் முனையில் இருக்கும் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் ஐபி20. அந்த 0 என்றால் தண்ணீருக்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. சரி, உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்றால் அடாப்டருக்கும் முதல் பல்புக்கும் நடுவே ஒன்றரை மீட்டர்தான் ஒயர். வேறு வழியில்லாமல் எக்ஸ்டென்ஷன் பெட்டியை வெளியே கொண்டுவந்தேன்.

ஒன்பதரைக்குத் தூறல். "என்னடி, எங்களை விட்டுட்டு பிளக்குக்குக் காவல் நிக்கற?" என்று தோழி சிரிக்கிறாள். உள்ளே சுவிட்சை அணைத்துவிட்டு, போன் வெளிச்சத்தில் முதல் இரண்டு பல்பை அவிழ்த்து, அடாப்டரைப் படிக்கட்டு அறைக்குள் இழுத்தோம். பத்து நிமிடம் இருட்டில் சாப்பிட்டார்கள். அந்த நேரத்தில்தான் நல்ல கதைகள் வந்தன என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, அந்த எக்ஸ்டென்ஷனிலேயே இண்டக்ஷன் அடுப்பையும் மாட்டப் பார்த்தார் ஒரு நண்பர். விளக்கு மொத்தமே 15 வாட், அடுப்பு 2000. அதுவும் சுருட்டி வைத்த ஒயரில்! சுருளுக்குள் சூடு வெளியேறாமல் ஒயர் உருகிவிடும். தடுத்துவிட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை. வாங்குகிறவர்கள் வாசலுக்குள் இருக்கும் பிளக்கிலிருந்து முதல் பல்பு வரும் இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். நான் இன்னும் அவிழ்க்கவில்லை. ராத்திரி துணி எடுக்கப் போனாலும் போட்டுக்கொள்கிறேன்.