தருமபுரத்து முற்றத்தில் காமன் கூத்துப் பயிற்சி

1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பமொன்றில் பிறந்த அண்ணர் ஒருவர், கொழும்பு மேடைகளை விட்டு, கிளிநொச்சி தருமபுரத்தில் கச்சான் பயிரிட்டுக்கொண்டே தம் முற்றத்தில் காமன் கூத்துப் பழக்குகிறார். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ரதி, மன்மதன் கதையாக ஆடப்படும் இக்கூத்தை அவர் என் மகனுக்கு ஆட்டத்திலிருந்து தொடங்கவில்லை. வைக்கோல் நெருப்பில் தப்பு என்னும் தோற்பறையை வாட்டி, விரலால் சுண்டி, தோல் இறுகியதைக் காதால் அறியும்வரை காத்திருக்கச் செய்தார். அந்தப் பொறுமையே இப்பயிற்சியின் உயிர் என்பேன். கட்டணம் குறைவு. கொட்டிலில் இடம் போதாததால், மழை வந்தால் வகுப்பு நின்றுவிடுகிறது. ஆயினும், "தம்பி, நிலத்தை உணர்ந்து மிதி" என்று அவர் சொன்னதும் மகனின் கால் தாளத்தில் இறங்கியதைக் கண்டேன். அடுத்த மாசியில் அவனுக்கு ரதி வேடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.